மதினி, உங்கள் முகத்தை உடைத்தது நான்தான்

அன்பு மதினிக்கு,

உங்களை அடக்கம் செய்து எட்டு மாதமாகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான்.

இரத்தோட்டையில் மாதா, அந்தோனியார், பிள்ளையார் சிலைகள் செய்து பிழைப்பவள் நான். அழகான முகமும் மடிப்புக் கலையாத உடுப்பும்தான் என் கைக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு ஒரு மார்பை எடுத்துவிட்டு வந்த நீங்கள், ஒருநாள் என் பட்டறைக்குள் வந்து கதவைச் சாத்தினீர்கள்.

"என்னைய ஒரு சிலையா செய் ரீட்டா. இருக்கிற மாதிரியே செய். உங்கண்ணன் என்னையப் பாக்கிறதே இல்ல."

அச்செடுக்க வாஸ்லின் தடவி, ஈரப் பிளாஸ்டர் துணியை உங்கள் உடம்பில் ஒட்டினேன். தழும்பின்மேலும் வைத்து உள்ளங்கையால் நீவினேன். "சூடேறுது. நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். எத்தனை நாளாக யாரும் அந்த இடத்தைத் தொடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சீமெந்தில் வார்த்தெடுத்தபோது நானே பயந்துபோனேன். ஒரு பக்கம் மார்பு, மறுபக்கம் தையல் தடம். கிராம்பு பொறுக்கி வளைந்த விரல்கள். மூடியிருந்த கண்களை மட்டும் திறந்தபடி செதுக்கினேன். அதற்குள் நோய் திரும்பிவிட்டது. சிலையைப் பார்க்காமலே போய்விட்டீர்கள்.

மாத்தளையில் கண்காட்சிக்கு வைக்கப்போகிறேன் என்றதும் அண்ணன் கொதித்தார். "எம்பொண்டாட்டிய ஊரே பாக்கணுமா? மூஞ்சிய எடு. இல்லன்னா மொத்தத்தையும் ஒடைச்சிருவேன்."

உளியை எடுத்தது நான்தான், மதினி. அரை மணி நேரத்தில் முகம் போய்விட்டது. மறுபடி வார்க்கவும் வழியில்லை; அச்சு முதல் தடவையே உடைந்திருந்தது.

கண்காட்சியில் பலர் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். நாவுலயிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் முந்தானையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். அவருக்கு என்ன நடந்ததோ, நான் கேட்கவில்லை. கடைசி நாள் பின்னேரம் அண்ணன் வந்தார். சிலையை இரண்டு தரம் சுற்றினார். தழும்பில் விரலை வைத்தார்.

"மொகம் இல்லாம யாரோ மாதிரி இருக்கா."

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"



இப்போது அண்ணன் வேலை முடிந்து தினமும் பட்டறைக்கு வருகிறார். நான் களிமண்ணில் உங்கள் முகத்தைத் தேடுகிறேன். "ஒதடு அப்பிடி இல்ல. எடது காதுக்குக் கீழ ஒரு மச்சம், ஒனக்குத் தெரியாது" என்கிறார். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் இளமையாகிக்கொண்டே போகிறீர்கள். சிரிக்கவும் தொடங்கிவிட்டீர்கள். இது நீங்களா, அவருக்கு வேண்டிய நீங்களா? யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பக்கத்தையும் சரி பண்ணிரலாமா?"

"மாட்டேன்" என்றேன். அண்ணனிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதார்.

முகம் சரியாக வருமா, எனக்குத் தெரியாது. மச்சத்தை வைக்கிறேன். சிரிப்பை எடுத்துவிடுகிறேன். அந்தத் தழும்பை மட்டும், யார் அழுதாலும், மூட மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
ரீட்டா