படுத்திருந்த நாற்பது நாள்

சனி, 14-3-36

சோறும் புளிக்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். உங்கள் அக்காவும் பெண் வீட்டாரும் மத்தியானம் வந்தால் நாலு பேருக்குப் போதும். சாவி எதிர்வீட்டு ராஜம்மாவிடம் இருக்கிறது.

கிணற்றடியில் விழுந்தபின் நான் நாற்பது நாள் பாயில் கிடந்தது சோம்பலால் அல்ல. இடுப்பெலும்பு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, அதை அசையாமல் சமமாக வைக்கப் பழகினால்தான் நடை திரும்பும் என்று ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரசர் சொன்னார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அடிவயிற்றில் தண்ணீர்த் தட்டை வைத்துக்கொண்டு ஒரு காலை மட்டும் மெல்லத் தூக்க வேண்டும். இடுப்பு சாய்ந்தால் தண்ணீர் சிந்தும். முதல் வாரம் பாயே நனைந்தது. இப்போது ஒரு சொட்டும் சிந்துவதில்லை. நீங்கள் ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை.

நாலு நாளாக, தினமும் நீங்கள் வேலைக்குப் போனபின், வீட்டுக்குள் எழுந்து நடக்கிறேன். நாளைக்கு உங்களுக்கு நடந்து காட்டலாம் என்றிருந்தேன்.

நேற்று ராஜம்மா கேட்டாள்: "ஏன்க்கா, நீங்க இனி எந்திரிக்கவே மாட்டீங்கன்னுதானே அண்ணன் வேற பொண்ணு பாக்குறாரு?" நீங்கள் பெண் பார்ப்பதும், இன்று அவர்கள் வருவதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

தம்போய் வரை நடந்து, பஸ் ஏறி, ஜொகூர் பாருவில் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அழைக்க வராதீர்கள்.

அங்கம்மாள்

குழம்பில் உப்பு குறைவு. போட்டுக்கொள்ளுங்கள்.

வருகிற பெண்ணைக் குடத்தை இடுப்பு மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பதினோரு வருஷம் நான் இடப்பக்கமே வைத்துச் சுமந்தேன். எனக்குச் சொல்ல ஆளில்லை.