மேல்பாதி இல்லாத ஸ்டீரிங்

முப்பத்தொரு வருடமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் 'என்னங்க'வுக்கு,

நான்தான், பசுமலை வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. உங்கள் எலெக்ட்ரிக் கார் வாசலில்தான் நிற்கிறது. மாதம் ஒருமுறை செந்தில் பெங்களூரிலிருந்து வந்து சார்ஜ் போட்டுவிட்டுப் போகிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை விற்றுவிட ஆள் பேசி வைத்திருக்கிறான். "அந்த ஸ்டீரிங்க வச்சுக்கிட்டு நீ என்னம்மா பண்ணுவ?" என்கிறான். உங்கள் மகன்தான், ஆனால் என் வாயைக் கொண்டு பிறந்தவன்.

வண்டி வந்த அன்று நான் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? ஸ்டீரிங்கில் மேல் வளைவே இல்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி மட்டும், விமானத்தில் இருப்பதைப் போல. "வட்டத்துல பாதியக் காணோமே, மீதிய எங்க வச்சுட்டாய்ங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "கோவிக்காதடி. கியர் இல்ல, கிளட்ச் இல்ல. எடது கை சும்மாதான இருக்கும், ஒன் கையப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுவேன்."

அந்த ஸ்டீரிங் இரண்டு கையையும் கேட்டது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன். ஒன்பது நாள் ஓட்டினீர்கள், ஒன்பது நாளும் திட்டினேன். "எங்கயாச்சும் அடிபட்டு வந்தா எங்கிட்டச் சொல்லாதீக" என்றுகூடச் சொன்னேன். பத்தாம் நாள் காலையில் குளியலறைக்குள் போனவரைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். நெஞ்சுவலி என்றார் டாக்டர்.

விற்பதற்கு முன்னால் ஒரு தரம் ஓட்டிப் பார்ப்போம் என்று நேற்று காலை எடுத்தேன். பழைய வண்டியைப் பதினைந்து வருடம் ஓட்டியவள்தானே. கீழக்குயில்குடி ரோட்டில் ஊர்ந்தே போனேன். பழக்கதோஷத்தில் கை மேலே மேலே போகிறது, அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. மலையடியில் வண்டியை முழுசாக வளைத்துத் திருப்பினேன். திருப்பியதும், பழைய வண்டியில் செய்வது போலவே, தானாக நேராகட்டும் என்று கையைத் தளர்த்தினேன். சர்ரென்று திரும்பி வந்த கைப்பிடியின் முனை இடது கட்டைவிரலின் அடியில் போட்டது ஒரு போடு. கண்ணில் பூச்சி பறந்தது.

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். நீலமாகக் கன்றிக்கொண்டு வந்தது. இதே இடம், இதே நீலம். உங்களைக் கூடத்தில் கிடத்தி இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியபோது நான் பார்த்தது.

ஏழு மாதமாக அந்த நீலம் என்னைத் தூங்கவிடவில்லை. நெஞ்சு வலித்தபோது குளியலறைக்குள்ளேயிருந்து கதவைத் தட்டியிருப்பீர்களோ? மிக்ஸி சத்தத்தில் எனக்குத்தான் கேட்காமல் போனதோ? இதை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

நீங்கள் கதவைத் தட்டவில்லை, உங்களையும் இந்தக் கைப்பிடிதான் அடித்திருக்கிறது. அந்த மட்டுக்கும் நிம்மதி என்று நினைத்த மறுநிமிடம் அழுகை பொங்கிவிட்டது. இவ்வளவு வலியை வைத்துக்கொண்டா என் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்தீர்கள்? என் வாய்க்கு அவ்வளவு பயமா?

பால்கேனோடு போன ஒருவர் பைக்கை நிறுத்தினார். "என்னக்கா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்ல தம்பி, கையில அடிபட்டுருச்சு."

"இதுக்குப் போயா இம்புட்டு அழுவுறீக? வீட்டுக்குப் போயி அண்ணனத் தேங்காண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து செந்திலுக்குப் போன் போட்டேன். வண்டியை விற்க வேண்டாம், நானே பழகிக்கொள்கிறேன் என்றேன். கையில் அடிபட்டதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவனோ, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டான்.

இந்த ஒரு வார்த்தையை நான் உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளாக நான் இருந்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

என் நேரம் வந்து நான் அங்கே வந்து சேரும்போது வாசலில் நின்று சண்டை போட மாட்டேன். சத்தியம். முதலில் உங்கள் கையைக் காட்டச் சொல்வேன்.

உங்கள் வீட்டுக்காரி,
மகேஸ்வரி