அட்டை என்ற சொல்

1936 பெப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

இன்று ஓப்பநாயக்க சந்தியில் தேர்தல் கூட்டம். தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்கும் ஓட்டு உண்டே. வேட்பாளரின் சிங்களத்தை அவர்களுக்குத் தமிழில் சொல்ல, இரண்டு பாஷையும் தெரிந்த முஸ்லிம், சோனகக் கடைக்காரனான என்னை மேடையேற்றினார்கள்.

சிங்களக் கிராமத்தார் கைதட்டத் தட்ட அந்த மனிதரின் வாய்க்குக் கட்டில்லாமல் போனது. தோட்டத்துத் தமிழர் நம் இரத்தம் குடிக்கும் கூடெல்லோ, உப்பை வைத்தால் தானாக விழும் என்றார். கூடெல்லோ என்றால் அட்டைகள்.

அதை அப்படியே சொல்ல எனக்கு நா எழவில்லை. கைகலப்பு வந்தால் முதலில் உடைவது என் கடை.

"அட்டைக்கு ரத்தம் குடுத்து இந்த நாட்டை வாழவைக்கிறவங்க நீங்கன்னு ஐயா சொல்றார்" என்றேன்.

அவர்களும் கைதட்டினார்கள்.

மாலையில் கொழுந்து பறிக்கும் மாரியம்மா கடைக்கு உப்பு வாங்க வந்தாள். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"கூடெல்லோன்னா என்னன்னு எனக்குத் தெரியும், நானா."

"சண்டை வரக்கூடாதுன்னுதான், தங்கச்சி."

"திட்டினது அவரு. அதுக்கு எங்களைக் கைதட்ட வச்சது நீங்க."

உப்பு வாங்காமலே போய்விட்டாள்.

ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் வேட்பாளர் என் தோளைத் தட்டி, ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள், அடுத்த ஞாயிறு பெல்மதுளைக் கூட்டத்துக்கும் வரவேண்டும் என்றார்.

நான் சரியென்று தலையாட்டிவிட்டேன்.