சமையலறைச் சுவரில் நாற்பத்திரண்டு ஓட்டைகள்

ஆவடி குவார்ட்டர்ஸ்,
ஞாயிறு காலை

அன்பு மகள் ரேவதிக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளை ஸ்ரீகாந்தும் ரோட்டர்டாம் மழையில் சௌக்கியமாக இருப்பது தினமும் போனில் தெரிகிறது, ஆனாலும் கடிதத்தில் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது. தினமும் பேசுகிற மனிதருக்குக் கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். வாய்விட்டுச் சொல்ல வரவில்லை பாப்பா, அதனால்தான் எழுதுகிறேன். நீ வரைந்து கொடுத்த வீட்டில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன்.

முதலில் நல்ல செய்தி. பாரிவாக்கத்தில் கட்டுகிற அந்த வீட்டில் தரை வேலை முடிந்தது. நடுவில் வானம் தெரியும்படி நீ திறந்துவிட்ட முற்றத்தில் போன வாரம் பெய்த மழை முழுக்கக் குழாய் வழியாகத் தொட்டிக்கு இறங்கிவிட்டது, கூடத்துக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பூச்சு இல்லாத செங்கல் சுவரைப் பார்த்துவிட்டு, வேலை பாதியிலே நின்றுபோச்சா சார் என்று தெருவில் போகிறவர்கள் விசாரிக்கிறார்கள். விளக்கம் சொல்லி அலுத்துப்போய், இது என் மகள் போட்ட டிசைன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.

இப்போது தப்புக்கு வருகிறேன். சமையலறையில் சந்துப் பக்கச் சுவரைச் செங்கலுக்குச் செங்கல் கையகல இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லியிருந்தாய் இல்லையா, மேஸ்திரி ஜெகதீசன் அதைக் கட்டி முடித்த அன்று நான் பார்க்கப் போனேன். முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன் நான், ஓட்டை உள்ள எதையும் பாஸ் பண்ணியது கிடையாது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு. கொசு வரும், பல்லி வரும், ஏரிக்காற்றில் அடுப்பு அணையும், இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வாசல் கேட்டுக்கு அடிக்க வாங்கிவைத்த சிவப்பு பெயிண்டை எடுத்து, தள்ளுபடியான சாமான்களுக்குத் தொழிற்சாலையில் போடுவோமே, அதே மாதிரி ஒவ்வோர் ஓட்டைக்குக் கீழும் ஒரு பெருக்கல் குறி போட்டு, அடைத்துவிடு என்றேன். "சார், மேடம் பிளான்ல அப்டித்தான் போட்டுகீறாங்கோ, ஒரு போன் அடிச்சிக் கேட்டுக்கலாமே" என்று அவர் சொல்லத்தான் செய்தார். பிளான் பார்க்க எனக்கே சொல்லித் தருகிறாயா என்று முறைத்தேன். அவர் கலவை குழைத்து அடைத்துவிட்டார்.

பத்து நாள் முன்பு அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். முற்றத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவள், சமையலறைக்குள் போனதும் அந்தச் சுவரைக் கையால் தடவியபடி நின்றுவிட்டாள். "இங்க சந்து தெரியற மாதிரி வச்சித் தரேன்னு ரேவதி சொன்னாளே" என்றாள். அப்புறம்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. குவார்ட்டர்ஸில் நம் பின்வாசலுக்கு நேரே எதிர்வீட்டுப் பின்வாசல், இத்தனை வருஷமும் யாரோடாவது பேசிக்கொண்டேதான் அவள் சமைத்திருக்கிறாள். புது வீட்டில் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்க வேண்டுமே என்று உன்னிடம் அழுதிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காய் நறுக்கும்போது கண்ணுக்கு நேரே வரும்படி அந்த ஓட்டைகளை நீ அளந்து வைத்திருக்கிறாய். திரும்பும் வழியில், "எனக்கு அந்த வீடு வேணாங்க, ஆவடியிலயே எங்கயாவது ஒரு வாடகை வீடு பாருங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாளே உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். "உடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று ஜெகதீசன் கேட்டும் கொடுக்கவில்லை. ஒரு வாரம் பிடித்தது, இரண்டு செங்கல் மூலை உடைந்தது, நாற்பத்திரண்டும் திறந்தாயிற்று. உள்பக்கம் தச்சர் சுலைமான் கொசுவலைச் சட்டம் போட்டுக் கதவு மாதிரி திறக்க வைத்திருக்கிறார். நேற்று அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தேன். சந்தில் போன பக்கத்து வீட்டு ராஜம்மா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, எப்போ குடி வர்றீங்கோ? கறிவேப்பில நம்ம ஊட்டாண்ட எக்கச்சக்கமா கீது, கடையில வாங்கிக்கினு வராதீங்கோ" என்றாள். பேச்சு பிடித்துக்கொண்டது. நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை. வாடகை வீட்டுப் பேச்சை அம்மா அதற்கப்புறம் எடுக்கவில்லை.

சிவப்புக் குறிகள்தான் போகவில்லை. தின்னர் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், பெயிண்டைச் செங்கல் குடித்துவிட்டது. மேலே ஏதாவது பூசி மறைத்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வேணாம், அவ வந்து இது என்னன்னு கேப்பா, நீங்களே சொல்லுங்க" என்கிறாள். நீ கேட்குமுன் சொல்லிவிட்டேன். உன் சொந்தப் பெயரில் நீ வரைந்த முதல் வீட்டைக் கெடுக்கப் பார்த்தேன், மன்னித்துக்கொள்.

சைக்கிளில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்கு வரும்போது அம்மா கொடுத்த பச்சைப் பட்டுப்புடவையை மறக்காமல் எடுத்து வா. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் மனம் ஒத்து நெடுநாள் வாழ நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று பாக்கி. கெட்டதைத் திருத்தியவனே அதைப் பாஸ் பண்ணக்கூடாது, வேறு ஒருவர்தான் பார்க்க வேண்டும், தொழிற்சாலையில் அப்படித்தான் விதி. அந்த ஸ்டூலை அதே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். நீ வந்து அதில் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பால் காய்ச்சுவோம்.

இப்படிக்கு
உன் அப்பா
உத்தமன்