எட்டு க்ளிக் இடது

பிளசன்டன், கலிபோர்னியா
19 ஜனவரி 2025

என் வான்மதிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போனை எடுக்காமல் பேனாவை எடுத்ததற்குக் காரணம் உனக்கே தெரியும். போனில் “சொல்லு, சொல்லு” என்பாய். நான் சொல்லத் தொடங்கியதும் “சரிடீ, ஒரு மீட்டிங்” என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். நான் மறுபடி சுடப் போகிறேன். அதே ஏர் பிஸ்டல், அதே பத்து மீட்டர். சிரிக்காதே. மே மாதம் உங்கள் டல்லாஸ் பக்கம் ஒரு போட்டி, உன் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். பெயர் கொடுத்தாகிவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. பிஸ்டல் ஒன்றுதான் இன்னும் இல்லை. “யாராச்சும் பேர் குடுத்துட்டு அப்புறம் துப்பாக்கி தேடுவாங்களா?” என்று சபரி கேட்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னைப் பற்றி அவருக்கு இப்படி ஒரு சந்தேகம்!

மில்பிடாஸில் தம்பிராஜா அங்கிள் என்று ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது தாண்டியவர். தன் பிஸ்டலை விற்கப் போவதாக க்ளப் பலகையில் எழுதி ஒட்டியிருந்தார். ஜெர்மன் மேட்ச் பிஸ்டல், எட்டு வருஷம் பழசு, ஆயிரத்து நூறு டாலர். புதிது வாங்கினால் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். இந்த விலைக்கு இது தகுமா, தகாதா? நீதான் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் க்ளப்பில் நம் இருவருக்கும் சேர்த்து ஒரே பிஸ்டல்தான் இருந்தது. அதைக் கழற்றித் துடைத்து மாட்டியதெல்லாம் நீதான், நான் சுட்டதோடு சரி. இப்போதும் உனக்கு வேலை, பொருளைப் பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்வதுதானே?

சீக்கிரம் எழுது. அங்கிளிடம் பதினைந்து நாள் கேட்டிருக்கிறேன்.

உன்,
எழிலரசி


ப்ளேனோ, டெக்சஸ்
25 ஜனவரி 2025

அடி எழில்,

சுகம் விசாரிக்க ஒரு வரி, பிஸ்டலுக்கு ஒன்றரைப் பக்கம். இருக்கட்டும். எனக்கு முட்டி வலி, முகிலனுக்கு ப்ரமோஷன், மகளுக்கு டிரைவிங் லைசன்ஸ். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டேன்.

இப்போது கவனமாகப் படி. முதலில் காற்றடைக்கும் சிலிண்டரைப் பார். தயாரித்த தேதியை அதன்மேல் பொறித்திருப்பார்கள். பத்து வருஷம்தான் அதற்கு ஆயுள் என்பார்கள். எட்டு வருஷம் ஓடியிருந்தால் விலையில் அதைக் கழி. அடுத்து மரப்பிடி. அங்கிள் தன் கைக்கு ஏற்றபடி அரத்தால் ராவி, மரப்பசை பூசியிருப்பார். உன் கை சின்னது, அது பொருந்தாது, புதுப்பிடிக்குத் தனியாக எடுத்து வை. ட்ரிகரை இருபது தடவை இழுத்துப் பார். இருபதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கடைசியாக, இதுதான் முக்கியம். கையை நீட்டிப் பிடித்துச் சுட்டு முடிவு செய்யாதே. மேஜைமேல் பத்து பவுண்டு பொன்னி அரிசிப் பையை வைத்து, அதன்மேல் கையைத் தாங்கி ஐந்து குண்டு சுடு. அந்த அட்டையை எனக்கு அனுப்பு. ஆன்ட்டி காபி கொடுப்பார், குடி. காபி குடித்த தோஷத்துக்காக வாங்கிவிடாதே.

போட்டிக்கு வந்தால் என் வீட்டில்தான் தங்க வேண்டும். ஆனால் க்ளப்புக்கு வா, வேடிக்கை பார் என்று என்னைக் கூப்பிடாதே. இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் ஒரு ஷூட்டிங் ரேஞ்ச் வாசலைக்கூட மிதித்ததில்லை. மாநிலத் தேர்வன்று சென்னையில் என் கையின் லட்சணம் தெரிந்துவிட்டது. உன்னை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இந்தக் கைமேல்தான்.

வான்மதி


பிளசன்டன்
2 பிப்ரவரி 2025

வான்மதி மேடம் அவர்களுக்கு,

உத்தரவுப்படி எல்லாம் நடந்தது. காரிலிருந்து அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு க்ளப்புக்குள் போனேன். வாசலில் இருந்த வெள்ளைக்காரர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார்.

சிலிண்டரில் 2017 என்றிருக்கிறது. ட்ரிகர் இருபது தடவையும் வெண்ணெய். பிடிதான் பெரிது. அங்கிள் தங்கமான மனிதர். அவர் மனைவி இந்திராதேவி ஆன்ட்டியும் கூடவே வந்திருந்தார், காபியும் கடலை வடையும் ஃப்ளாஸ்க்கும் டப்பாவுமாக.

“ஏன் அங்கிள் விக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“என்ர கை போயிட்டுது பிள்ளை. ஒரு மாசமா எல்லாம் இடப்பக்கமாத்தான் போகுது. குறி பாக்கிற சைட்டை நான் எட்டு வருசமாத் தொட்டதே இல்லை, அதில பிழை இருக்காது. கைதான். இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் கேக்குதில்லை. எண்ணூறு தாங்கோ, கொண்டு போங்கோ.”

நான் பேரமே பேசவில்லை, அவராகவே முந்நூறு டாலர் குறைத்துவிட்டார்.

ஐந்து குண்டு சுட்டேன், அட்டை இதோடு இருக்கிறது. ஐந்தும் ஒரே ஓட்டை, ஒரு பட்டாணி உள்ளே போகும், அவ்வளவுதான். ஆனால் நடுவில் இல்லை, இடது பக்கம் எட்டாவது வளையத்தில். குழாயில் கோளாறோ என்னவோ. அங்கிள் அந்தக் கோடியில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அட்டையை அவரிடம் காட்டவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். விலை பேசி முடியாமல் எதையும் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

எண்ணூறுக்குத் தகுமா? பார்த்துச் சொல்.

எழில்


ப்ளேனோ
8 பிப்ரவரி 2025

எழில்,

வாங்கு! இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் போய்ப் பணத்தைக் கொடு. குழாய்க் கோளாறாம்! மாநில டீமில் சுட்டவள் பேசுகிற பேச்சா இது? ஐந்தும் ஒரே ஓட்டையில் விழுந்தால் குழாய் வைரம் என்று அர்த்தம். யாரோ சைட் ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறார்கள். ஸ்க்ரூவைத் திருகும்போது கேட்கும் ஒவ்வொரு க்ளிக்குக்கும் குண்டு விழும் இடம் ஒரு நூலளவு நகரும். ஏழெட்டு க்ளிக் வலது பக்கம் திருப்பினால் நேராகப் பத்தில் போய் உட்காரும். ஆயிரத்து நூறே நியாயமான விலை, எண்ணூறு கொள்ளை. அங்கிள் கை போய்விட்டது என்று நினைப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். கை போனால் குண்டு சிதறும், இப்படி ஒரே இடத்தில் போய்க் குவியாது.

12 பிப்ரவரி

மேலே எழுதியதை நான்கு நாளாகத் தபாலில் போடவில்லை. கடைசி வரியை எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குச் சென்னையில் நான் சுட்ட முதல் அட்டை என்னிடம் இருக்கிறது. பாஸ்போர்ட் ஃபைலில், ப்ளஸ் டூ மார்க் ஷீட்டுக்குப் பின்னால். எதற்கு வைத்திருந்தேனோ தெரியாது. எடுத்துப் பார்த்தேன். ஐந்து குண்டும் ஒரே இடத்தில், இடது பக்கம், எட்டாவது வளையத்தில். அதன் நகலோடு உன் அட்டையையும் திருப்பி அனுப்புகிறேன், ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார். அடுத்தடுத்த அட்டைகளில்தான் சிதறல். என் கையை நானே நம்பாமல் அப்படியும் இப்படியும் பிடிக்க ஆரம்பித்த பிறகு.

நம் க்ளப்பில் கோச் சார் போட்ட சட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே பிஸ்டல், இரண்டு பேர். முதலில் சுட்டவள், நம் இருவர் சைட் எண்ணும் எழுதிய சீட்டைப் பார்த்து, அடுத்தவள் எண்ணுக்கு சைட்டைத் திருப்பி வைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். “ரெண்டாவதா சுடறவ ஒரு க்ளிக் கூடத் தொடப்படாது சாமி” என்பார். உன் சைட் என்னுடையதைவிட எட்டு க்ளிக் இடது. அன்றைக்கு நீ முதலில் சுட்டாய். நீ திருப்பி வைத்திருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என்மேல்தான் வந்தது.

திருப்பி வைத்தாயா, எழில்?

அந்த அட்டையை அங்கிளிடம் காட்டினாயா?

வான்மதி


பிளசன்டன்
19 பிப்ரவரி 2025

வான்மதி,

இல்லை. திருப்பி வைக்கவில்லை.

நான் நன்றாகச் சுட்டிருந்தேன், சார் முதுகில் தட்டினார், அந்தச் சந்தோஷத்தில் மறந்தேன். உனக்குப் பின்னால் பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகு சட்டைப் பையில் கைவிட்டால், சீட்டு. உன் நான்காவது குண்டு அப்போதுதான் போனது. எழுந்து ஒரு வார்த்தை சாரிடம் சொல்லியிருந்தால் நிறுத்திவிட்டு உன்னை முதலிலிருந்து சுட விட்டிருப்பார்கள். நம் க்ளப்பிலிருந்து ஒருத்திக்குத்தான் இடம் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. மறந்தது அந்த நான்கு குண்டுக்குத்தான். நாற்பதில் மீதி முப்பத்தாறும் நான் தெரிந்தே செய்தது.

அன்று ரயிலில் நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். நான் உனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். இதை எழுதவே கூசுகிறது.

மில்பிடாஸில் அந்த அட்டையைப் பார்த்த நொடியே சைட்தான் என்று எனக்குத் தெரியும். குழாய் என்று எழுதியது பொய். சைட்தான் காரணம் என்று உனக்கு எழுதக் கை வரவில்லை. அதோடு, எண்ணூறு ஆசையும் இருந்தது. உன்னிடம் செய்ததையே அந்தப் பெரியவரிடமும் செய்ய இருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே மில்பிடாஸ் போனேன். அட்டையை அவர் முன்னால் வைத்தேன். “அங்கிள், உங்க கை நல்லா இருக்கு. சைட் திரும்பியிருக்கு. யாராச்சும் தொட்டாங்களா?”

அவர் இல்லவே இல்லை என்றார். சமையலறையிலிருந்து ஆன்ட்டி வந்தார், கையில் கரண்டி. “டிசம்பரில நத்தார் லீவுக்கு வந்த மருமகன் ஷாந்தன், ‘மாமா, ஸ்க்ரூ லூசா இருக்கு, இறுக்கித் தாறன்’ எண்டு திருகினவர் எல்லே? நான் அப்பவே சொன்னனான், நீங்கள் டிவி பாத்தனீங்கள்.”

நேரே க்ளப்புக்குப் போனோம். நான் ஏழு க்ளிக் வலது பக்கம் திருப்பிக் கொடுத்தேன். அங்கிள் நின்று சுட்டார். பத்து. அடுத்தது ஒன்பது, பிறகு மறுபடி பத்து. பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் இதை விக்கேல்லைப் பிள்ளை, குறை நினையாதேங்கோ,” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பிஸ்டல் போனதற்காக இல்லை. இருபத்து மூன்று வருஷம் முன்னால் உனக்குப் பின்னாலிருந்து எழுந்து நான் சொல்லியிருக்க வேண்டியது ‘கை நல்லா இருக்கு, சைட் திரும்பியிருக்கு’ என்ற அந்த ஒரு வாக்கியம்தான்.

மன்னித்துவிடு என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடப் போகிறேன். எழுதுவதானால் எழுது. எழுதாவிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

எழிலரசி


ப்ளேனோ
6 ஏப்ரல் 2025

எழிலரசிக்கு,

ஒன்றரை மாதம் உனக்கு எழுதவில்லை. கோபம்தான், வேறென்ன. முதல் வாரம் உன் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன், பிறகு நானே பொறுக்கி எடுத்து டேப் ஒட்டினேன். என்ன ஆச்சு என்று கேட்ட முகிலனிடம் எரிந்து விழுந்தேன். இருபத்து மூன்று வருஷம் காபி டம்ளரைத் தூக்கும்போதுகூட இந்தக் கை ஆடுகிறதா என்று பார்த்தவள் நான். அது எவ்வளவு என்று உனக்குத் தெரியாது. இப்போதும் கோபம் முழுதாகப் போகவில்லை. போகாததைப் போய்விட்டது என்று எழுத எனக்கு வராது.

மார்ச் முதல் வாரம் இங்கே ஒரு க்ளப்புக்குப் போனேன். அவர்களுடைய பிஸ்டலை வாங்கி, முதல் வேலையாக சைட்டை நானே சரிசெய்து கொண்டேன். ஐந்து குண்டு சுட்டேன். அட்டை இதோடு இருக்கிறது, பார்த்துக்கொள். ஒன்பது ஒன்று, பத்து நான்கு. நாற்பத்து நான்கு வயது, முட்டி வலி, இருபத்து மூன்று வருஷம் தொடாத கை. என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, எழில். எப்போதுமே ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அடுத்த வாரமே பிஸ்டல் வாங்கிவிட்டேன். பழசுதான், தொள்ளாயிரம். சிலிண்டர் புதிது, ட்ரிகர் வெண்ணெய். நான் பார்த்து வாங்கியது, விலைக்குத் தகும். மே போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. எடுக்கப் போகிறேன் என்று எழுதினாயே தவிர எடுக்கவில்லை. உன்னை எனக்குத் தெரியாதா.

உன்னிடம் பிஸ்டல் இல்லை. என்னுடையதில் சுடு. இரண்டு சுற்றாக நடத்துகிறார்கள், ஒருவர் முடித்து அடுத்தவர் சுடலாம், கேட்டுவிட்டேன்.

இந்த முறை நான் முதலில் சுடுவேன். முடித்ததும் எட்டு க்ளிக் இடது பக்கம் திருப்பி, உன் கையில் தருவேன்.

வான்மதி