கோட்டுக்குக் கீழே மூன்று அணிகள்

1987 செப்டம்பர் 14, திங்கள்

காலையில் தூறல், ஒன்பது மணிக்கே வெயில். காலாண்டுத் தேர்வு 21-ல். அல்ஜீப்ரா பாக்கி. வரலாறு பாக்கி. ஆனாலும் இன்று முழுக்க ஜெ.கா. வேலைதான். (ஜெ.கா. = ஜெர்மன் கால்பந்து.)

பின்னால் படிக்கும்போது மறந்திருக்கும், அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். அத்தாவின் பழைய பேப்பர் கடைக்கு ஜூனில் மெட்ராஸிலிருந்து வெளிநாட்டுக் கட்டு ஒன்று வந்தது. நோட்டுக்கு அட்டை போட வழவழத் தாள். அதற்குள் பதினொரு பந்து விளையாட்டுப் பத்திரிகைகள், எல்லாம் ஜெர்மன். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எண் எந்த ஊரிலும் எண்தானே. நானும் தனமும் எண்களை வைத்தே மூன்று மாதமாகக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறோம். தனம் பத்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம். வருகைப் பதிவேட்டில் அவள் 22, நான் 23. சிநேகம் அப்படித்தான் வந்தது.

இருவருமாக ஒரு நோட்டு எழுதுகிறோம், ‘ஜெர்மன் கால்பந்து: புதிதாக ரசிக்க வருகிறவர்களுக்கு’ என்று. இதுவரை உறுதியானவை:

மேல் பிரிவில் 18 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இரண்டு தடவை, ஒன்று தன் ஊரில், ஒன்று எதிராளி ஊரில். ஆக 34 ஆட்டம்.

ஜெயித்தால் 2 புள்ளி, சமன் 1. பெரும்பாலும் சனிக்கிழமை.

இது மேற்கு ஜெர்மனி மட்டும். கிழக்கு ஜெர்மனிக்குத் தனிப் பட்டியல்.

முதலாவதாக வரும் அணிக்குக் கோப்பை இல்லை, ஒரு பெரிய வெள்ளித் தட்டு. தனம் (இனி த.) சொன்னாள், “இன்னாடி இது, சீர்வரிசத் தட்டு மாரி கீது.”

சில அணிகளின் பெயருக்குப் பின்னால் இரண்டு இலக்க எண். பதிவேட்டு எண் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது த.தான். “ஆரம்பிச்ச வருசமா இருக்கும். எங்கூரு கோயில் வளைவுல போட்டுக்கீறாங்க பாரு.” சரியாகத்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 16, புதன்

வெயில். மேற்கே கல்வராயன் மலை மட்டும் நீலமாக, மேகத்தோடு.

பட்டியலில் பதினைந்தாவது அணிக்குக் கீழே ஒரு கோடு இருக்கிறது. அது எதற்கு என்று ஜூலையிலிருந்து குழப்பம். நேற்றுக் காலை கடை ரேடியோவில் ஜெர்மன் நிலையத்தின் இங்கிலீஷ் ஒலிபரப்பில் சொன்னார்கள். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. கடைசி இரண்டு அணிகளும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கம். கடைசியிலிருந்து மூன்றாவது அணிக்கு மட்டும் இன்னும் இரண்டு ஆட்டம் தருவார்கள், கீழ்ப் பிரிவின் மூன்றாவது அணியோடு. அதில் ஜெயித்தால் மேலேயே இருக்கலாம்.

மதியம் த.வுக்குச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“கோடு போட்டாலே அதான்டி. இதுக்கா ரேடியோ?”

அவளுடைய அணி பச்சைச் சட்டைக்காரர்கள், வடக்கில் ஆற்றங்கரை ஊர். இன்று ஒரு படம் பார்த்தோம். ஆயிரம் பேர், எல்லார் கழுத்திலும் பச்சைத் துண்டு. “இவுங்கல்லாம் இன்னா கட்சி?” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

நாளையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். சங்கத்துக்காரர்கள் தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீட்டில் இருபது சதவீதம் தனியாகக் கேட்கிறார்களாம். டீக்கடையில் ஒருவர், “கேட்டுக்கினே இருந்தா குடுப்பானா? ரோட்ட மறிச்சாதான் திரும்பிப் பாப்பான்.” இன்னொருவர், “உனக்கு வேணும், சரி. பஸ்ல போறவன் இன்னா பண்ணான்?”

த.விடம் கேட்டேன். தியாகதுருகத்துக்கு அந்தப் பக்கம் காலனி அவளுடையது. “எங்களுக்குத்தான் ஏற்கனவே கீதுன்றாங்களே. இருந்தா நான் ஏன் மூணு கிலோமீட்டர் நடந்து வந்து பஸ் ஏறிக்கினு கீறேன்?”

நாலரை பஸ்ஸில் போனாள். ஜன்னலிலிருந்து கத்தினாள், “சனிக்கெழம பச்சச்சட்ட இன்னா ஆச்சுன்னு கேட்டு வையி!”

செப்டம்பர் 18, வெள்ளி

பஸ் இல்லை. லாரி இல்லை. சாலை நெடுக மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். புளியமரங்கள். கடைவீதியில் பாதிக் கதவு திறந்து, சத்தம் கேட்டால் மூடி.

வகுப்பில் 41 பேரில் 9. எல்லாம் நடந்து வருகிறவர்கள். பக்கத்து இடம் காலி. பெஞ்சில் புத்தகப் பையை வைத்துக்கொண்டேன்.

பால் வரவில்லை. கறுப்பு டீ.

செப்டம்பர் 20, ஞாயிறு

ரேடியோவைத் திருப்பப் போனேன். அத்தா கையைப் பிடித்துக்கொண்டார். “ஊரே பத்திக்கினு கீது, உனக்குப் பந்தாம்மா? செய்தி கேக்கணும், வுடு.” எல்லாரும் செய்தி கேட்டோம். துப்பாக்கிச் சூடு, சாவு. பச்சைச் சட்டை தெரியவில்லை.

செப்டம்பர் 22, செவ்வாய்

தேர்வு தள்ளிவைப்பு. யாருக்கும் சந்தோஷம் இல்லை.

கடையில் பேசிக்கொண்டார்கள். த. ஊர்ப் பக்கம் காலனியில் நாலு குடிசை எரிந்ததாம். யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. எந்த நாலு என்றும் சொல்லவில்லை. நான் கேட்க வாயெடுத்தேன், அம்மா உள்ளே கூப்பிட்டார்.

நோட்டில் கோப்பைப் போட்டி பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அது பட்டியலில் சேராது. தோற்றால் வெளியே. ஆனால் சின்ன ஊர் அணியும் பெரிய அணியோடு ஆடலாம். எழுதிவிட்டுப் படித்தால் மனதில் ஒன்றும் நிற்கவில்லை.

செப்டம்பர் 25, வெள்ளி

பஸ் ஓடுகிறது. வகுப்பில் 37 பேர். த. இல்லை.

அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் சொன்னாள், “அவுங்க வூடு எரியலக்கா. பக்கத்து வூடுதான். ஆனா கூலி வேல ஒண்ணும் இல்ல, பயம் வேற. குடும்பத்தோட மலைக்குப் போய்ட்டாங்க. மேல யார் தோட்டத்திலயோ களையெடுக்கறாங்களாம்.”

எரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ். பிறகுதான் மலை என்றது உறைத்தது. வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரியும் மலைதான். எவ்வளவு பக்கம்.

செப்டம்பர் 26, சனி

சடையன் அண்ணன் கடைக்கு வந்தார். மலைக்காரர். தேன், கடுக்காய் கொண்டுவந்து விற்றுவிட்டு, பொட்டலம் கட்டப் பழைய பேப்பர் வாங்கிப் போவார். அந்தத் தோட்டம் தெரியும் என்றார். கடிதம் கொடுத்தேன்: ‘வியாழனுக்குள் வா. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பப் போகிறார்கள். எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கலாம், அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.’ அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.

செப்டம்பர் 28, திங்கள்

இன்று நான் செய்ததை அப்படியே எழுத வேண்டும்.

டீச்சர் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார், மறியலால் வர முடியாத வெளியூர்ப் பெண்களுக்கு அந்த நாட்களில் வருகை போட்டுவிடலாம் என்று தலைமையாசிரியை அனுமதித்துவிட்டாராம். ஒவ்வொரு பெயராகக் கேட்டார். “பஸ் இல்ல டீச்சர்”, “பஸ் இல்ல டீச்சர்”. எல்லாருக்கும் போட்டார். 22-க்கு வந்தார்.

“தனம் எங்க நசீமா? பஸ்ஸுதானே? இல்ல உடம்பு ஏதாவது சரியில்லயா?”

நான் எழுந்து நின்று, தெளிவாக, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, “இல்ல டீச்சர், குடும்பத்தோட மலைக்கு வேலைக்குப் போய்ட்டாங்க” என்றேன்.

டீச்சர் நிமிர்ந்தார். “வேலைக்கா?” பேனாவை மூடினார். “ஆகஸ்ட்லயே பாதி நாள் வரல.”

உட்கார்ந்ததும் பின் பெஞ்சு விஜயா முதுகில் குத்தினாள். “அறிவிருக்காடி உனக்கு? காச்சல்னு சொல்லக் கூடாது? பஸ்ஸுன்னு அவங்களே எடுத்துக் குடுத்தாங்களே! சொல்லாம பத்து நாள் வரலன்னா பேர எடுத்துடுவாங்க.”

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ? அதுதான் பயமாக இருக்கிறது.

சாப்பிடவில்லை. பல்வலி என்று அம்மாவிடம் சொன்னேன். பொய் இவ்வளவு சுலபமாக வருகிறது.

செப்டம்பர் 29, செவ்வாய்

ஆசிரியர் அறை. தனியாகப் போனேன்.

“டீச்சர், தனத்துக்குக் காய்ச்சலாம். பஸ் இல்லாததாலயும்தான்.”

டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். “நேத்து ஒண்ணு சொன்ன, இன்னிக்கு ஒண்ணு சொல்றியே. நீ பொய் சொல்ல மாட்டேன்னுதானே உன்னக் கேட்டேன்? மேல சொல்லியாச்சும்மா. இனி என் கையில இல்ல.”

“அவ வந்துட்டான்னா டீச்சர்?”

“நாளைக்குள்ள அப்பாவக் கூட்டிக்கிட்டு வந்து எழுதிக் குடுக்கட்டும்.”

ஒரு நாள். ஜெர்மனியில் இரண்டு ஆட்டம் தருகிறார்கள்.

செப்டம்பர் 30, புதன்

மழை. பள்ளி வாசலில் கடைசி மணி வரை பார்த்தேன். ஐந்து மணிக்குச் சடையன் அண்ணன் கடைக்கு வந்தார், தலையில் சாக்கு.

“கடுதாசி குடுத்தன் பாப்பா. படிச்சிச்சு. மடிச்சி இடுப்புல சொருகிக்கிச்சு.”

“வரேன்னு சொன்னாளாண்ணே?”

“அவ ஆத்தாளுக்குக் குளிர் காச்சல். அந்தப் பொண்ணுதான் கஞ்சி காச்சி, தம்பிய பாத்துக்கினு, வேலைக்கும் போவுது. எப்டி வரும்?” சாக்கை எடுத்து உதறினார். “ஒண்ணு கேட்டுச்சு. பச்சச் சட்டக்காரங்க ஜெயிச்சாங்களான்னு. இன்னா அது, எலெக்‌ஷனா?”

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “ஜெயிச்சாங்க, சொல்லுங்க” என்றேன்.

அக்டோபர் 1, வியாழன்

வானம் மூட்டம். மலை தெரியவில்லை.

மாதம் பிறந்தால் பதிவேட்டில் புதுப் பக்கம். எல்லாப் பெயரையும் மறுபடி எழுத வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று ஜூலையிலிருந்து டீச்சர் என்னிடம்தான் கொடுக்கிறார். இன்றும் கொடுத்தார்.

“இருபத்திரண்ட விட்டுட்டு எழுதும்மா. நம்பர் விடாம வரணும்.”

அடிக்கோல் வைத்துக் கோடு போட்டேன். 19, 20, 21 வரை எழுதினேன்.

“இன்னா நசீமா, மை தீந்துடுச்சா?”

“இல்ல டீச்சர்.”

எழுதினேன். அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. மொத்தம் 40. டீச்சர் பார்த்துவிட்டு, “அச்சு மாதிரி இருக்கு” என்றார்.

மதியம் அந்தப் பக்கத்தை வைத்து முதல் தடவையாக வருகை எடுத்தார். எண் மட்டும்தான் கூப்பிடுவார். இருபத்தொன்று. உள்ளேன். இருபத்திரண்டு என்றார். பதில் இல்லை. பழக்கத்தில் நானும் பேசாமல் காலி இடத்தைப் பார்த்தேன். மறுபடி, சத்தமாக, இருபத்திரண்டு என்றார்.

விஜயா முதுகில் கிள்ளினாள். “நீதான்டி.”