கிலுகிலுப்பை காரணமாக எல்லைப் படைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. செவ்வாறு இரு கரையும் தளும்பி ஓடுக. பொன்னறை நாட்டில் நெல்லும் பிள்ளைகளும் குறைவின்றி வளர்க.

பகைவரின் முதுகை மட்டுமே கண்டு பழகியவரும், யானை மேல் இருந்தபடியே மூன்று கோட்டைகளைக் கைக்கொண்டவரும், பொன்னறை நாட்டை ஒரு குடைக்கீழ் ஆள்பவருமான மாமன்னர் மழவதுங்கர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் பெருநம்பி எழுதுவித்த ஓலை. எல்லை மதகின் காவலரும், பட்டத்தரசி மங்கைநாச்சியாரின் உடன்பிறந்தாரும், ஆகவே இளவரசர் சேந்தருக்குத் தாய்மாமனும், எதற்கும் முதலில் வாளை உருவிவிட்டுப் பிறகு காரணம் கேட்பவருமான தண்டநாயகர் ஏறன் காரியார் காண்க.

தண்டநாயகர் முதலில் குதிரையை விட்டு இறங்குக. இறங்கிய பின் மேலே படிக்க.

நேற்று நண்பகலில் பாய்மண்டபத்தின் பக்கமிருந்து முழங்கிய போர்முரசு பிழையாக முழங்கியது. போர் இல்லை. இளவரசர் நலமாக இருக்கிறார். இதை வாய்மொழியாகச் சொல்லி உடனே ஒரு குதிரைவீரனை அனுப்பினோம். முத்திரை ஓலையும் தக்க காரணமும் வராமல் தம் படையில் ஒரு குதிரையின் முகமும் திரும்பாது என்று தண்டநாயகர் சொல்லி அனுப்பிவிட்டார். முத்திரை இதன் அடியில் உள்ளது. காரணம்தான் சற்று நீளம். எழுதுவதற்கும் சற்றுக் கூச்சமாக உள்ளது.

இளவரசர் பிறந்த நாள் முதல் மன்னர் பழைய மன்னராக இல்லை என்பதை நாடு அறியும். மார்பில் வேல் பாய்ந்தபோது அதைத் தாமே பிடுங்கி எறிந்து, வெற்றிலை கேட்டவர் அவர். அவரே இப்போது, இளவரசர் ஒரு மரப்பொம்மையை வாய்க்குக் கொண்டுபோவதைக் கண்டால் சிம்மாசனத்தை விட்டு எழுந்து ஓடுகிறார். பிறர் எச்சிலில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் குடியிருக்கின்றன என்றும், ஒரு பிள்ளை கடித்ததை மறுபிள்ளை கடித்தால் அவை வீடு மாறுகின்றன என்றும் அரண்மனை மருத்துவர் சாத்தனார் என்றோ ஒருநாள் சொல்லிவைத்தார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்று அவரே வருந்துகிறார். அன்று முதல் அமைச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரண்மனையில் விளையாட அழைப்பில்லை. கிலுகிலுப்பையைக் கொத்திய குற்றத்துக்காகக் கிளி நாடு கடத்தப்பட்டது. மரக்குதிரையை மஞ்சள் நீரில் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து அதன் ஒரு கால் கழன்றே போயிற்று. தம்மையும் ஒருநாள் கொப்பரையில் இறக்கச் சொன்னால், அன்றே தமையன் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவதாக அரசியார் அறிவித்திருக்கிறார். தண்டநாயகர் ஓர் அறையை ஒழித்து வைப்பது நல்லது.

அரண்மனையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. ஓலைநாயகமும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்ததுண்டு. ஆனால் மன்னருக்கு முன்பு ஒரு மகள் இருந்தாள். தவழத் தொடங்கிய பருவத்தில், திருவிழாவுக்கு வந்த பிள்ளைகளோடு பொம்மை மாற்றி விளையாடினாள். அந்த வாரமே காய்ச்சல் கண்டு போய்விட்டாள். பொம்மையால்தான் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. பொம்மையால்தான் என்று மன்னர் நம்புகிறார்; அவரோடு வாதாட எவருக்கும் மனம் வரவில்லை. அந்த மகவைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தவர் தண்டநாயகரே ஆகையால், இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

இனி நேற்றைய செய்தி.

செவ்வாற்றின் நீரைப் பங்கிடும் பொருட்டு, குன்றாற்று நாட்டை மகளின் பெயரால் ஆண்டுவரும் அரசி ஆழிவல்லியாரோடு பாய்சாட்சி வைக்க நாள் குறித்திருந்தோம். பெரியவர்கள் தெய்வத்தின் மேல் ஆணையிட்டும் பொய் சொல்வார்கள் என்பதால், இரு நாட்டாரும் முன்னோர் காலம் முதல் பிள்ளைகளையே சாட்சியாகக் கொள்வது வழக்கம். இரு அரச குலத்துப் பிள்ளைகளையும் ஒரே பாயில் விட வேண்டும். ஒரு பிள்ளை தன் கையில் இருக்கும் பொருளை, யாரும் ஏவாமல், மறுபிள்ளைக்குத் தானாகக் கொடுக்க வேண்டும்; மறுபிள்ளை அதை வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்தால் உடன்படிக்கை நிலைக்கும். கொடுக்காவிட்டால் மதகு அடைபட்டே கிடக்கும். இரு கரையிலும் கதிர் பிடிக்கும் நேரத்தில் பயிர் கருகும். பிறகு வழக்கம் போல நாம் அவர்களை வெட்ட, அவர்கள் நம்மை வெட்டுவார்கள்.

வழக்கத்தை மீறவும் முடியாது, மகனின் வாயில் அயலார் எச்சில் படவும் விடமுடியாது என்ற நிலையில், மன்னர் இரவெல்லாம் உலாவி ஓர் உபாயம் கண்டார். போர்க்களத்தில் அவர் வகுத்த வியூகங்கள் எதுவும் பிசகியதில்லை. இது பிசகியது.

ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற மரக் கிலுகிலுப்பைகளை ஒரு கூடை நிறையச் செய்வித்து, வேப்பிலைப் புகை காட்டி, அவற்றை மருத்துவர் சாத்தனாரின் அங்கிக்குள் வரிசையாகக் கட்டிவிட்டார். குன்றாற்று இளவரசி குமுதையார் ஒன்றை வாயில் வைத்தருளியவுடன், மருத்துவர் ஆசி கூறுபவர் போலக் குனிந்து அதை மறைத்து, புதியது ஒன்றைப் பாயில் இட வேண்டும். பார்ப்பவர்க்கு ஒரே பொருள் கைமாறுவது போல் இருக்கும். பூச்சிகள் அவரவர் வீட்டிலேயே இருக்கும். கிலுகிலுப்பை என்றால் ஓசை எழுப்பும் என்பதை மட்டும் மன்னரும் மருத்துவரும் மற்ற அறிஞர் பெருமக்களும் சேர்ந்து மறந்துபோனோம்.

இரு தரப்புப் படைவீரரும் மூச்சடக்கி நின்ற மண்டபத்தில், மருத்துவர் எடுத்து வைத்த ஒவ்வோர் அடிக்கும் அவர் உடம்பெல்லாம் கிலுகிலுத்தது. அவர் நின்றால் நின்றது. மூச்சு விட்டால் மறுபடி ஒலித்தது. குமுதையார் கையிலிருந்ததை எறிந்துவிட்டு, இந்தப் பெரிய கிலுகிலுப்பையே வேண்டும் என்று மருத்துவரை நோக்கித் தவழ்ந்தருளினார். நம் இளவரசரும் பின்தொடர்ந்தருளினார். மருத்துவர் பின்வாங்கினார், தடுக்கினார், விழுந்தார். அங்கியின் முடிச்சு அவிழ்ந்து மண்டபம் முழுவதும் கிலுகிலுப்பைகள் உருண்டோடின. மன்னரின் முகத்தில் ஈயாடவில்லை.

ஆழிவல்லியார் ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். வேம்பின் வாடை. தம் மகளின் எச்சில் பொன்னறை அரசருக்கு நஞ்சாகத் தோன்றுகிறதோ என்றும், பிள்ளையின் வாய்நீருக்கே தீட்டுப் பார்க்கிறவர் ஆற்று நீரை எப்படிப் பகிர்வார் என்றும், அவர் குரலை உயர்த்தாமலே கேட்டார். மன்னர் பதில் சொல்ல வாய் திறக்குமுன் அவர்கள் பக்கத்தார் கூவினார்கள்; நம் பக்கத்தார் அதைவிட உரக்கக் கூவினார்கள். அந்தக் கூச்சலில் முரசுக்காரன் தலைகால் புரியாமல் முரசை முழக்கிவிட்டான். தண்டநாயகர் கேட்டது அதுவே. அவன் இப்போது தன் கோலை ஒப்படைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறான்.

கிலுகிலுப்பைப் பேச்சில் எல்லோரும் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருக்க, பாயைப் பார்ப்பார் இல்லை. முதலில் திரும்பியவர் மன்னரே. பாய் வெறுமையாக இருந்தது.

அந்தக் கணம் மன்னரின் முகத்தை ஓலைநாயகம் அருகிலிருந்து கண்டார். மறுபடி காண விரும்பவில்லை. பிள்ளையைக் களவாடிவிட்டார்கள் என்று இரு தரப்பும் ஒரே குரலில் அலறின. வாள்கள் உறைவிட்டு வந்தன. மன்னர் மட்டும் வாளைத் தொடவில்லை. வெறும் பாயைத் தடவிக்கொண்டு நின்றார். எதிரே ஆழிவல்லியாரும் அதே பாயின் மறுமுனையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயின் அடியில் இரண்டு பிள்ளைகள் எப்படி இருக்க முடியும் என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

பாயில் ஏறுமுன் மன்னர் கழற்றி விட்ட செருப்பு அங்கே கிடந்தது. அன்று காலை யானைக் கொட்டாரத்தைப் பார்வையிட்டு வந்த செருப்பு. அதன் அடியில் என்னென்ன ஒட்டியிருந்தன என்பதை ஓலையில் எழுதுவது மரபன்று. அதன் முனையை நம் இளவரசர் கடித்தருளினார். குதிகாலை அவர்கள் இளவரசி சப்பியருளினார். இருவர் முகத்திலும் அப்படியொரு நிறைவு.

மன்னர் பிடுங்கப் பாய்ந்தார். பாய்சாட்சியின் காப்பாளரான முதியவர் குறுக்கே கைநீட்டி, பிள்ளைகள் ஒரு பொருளைப் பற்றியிருக்கும்போது இடையில் புகுபவரே உடன்படிக்கையை முறித்தவர் ஆவார் என்று நினைவூட்டினார். நீட்டிய கையை மடக்கவும் முடியாமல் மன்னர் நின்றார். ஓர் அடி முன்னால் நகர்ந்தால் மகன் காப்பாற்றப்படுவான், இரு நாட்டுப் பயிரும் கருகும், எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் தந்தையை இழப்பார்கள். அவர் நகரவில்லை. இதுவரை அவர் வென்ற எந்தப் போரிலும் இவ்வளவு வீரம் தேவைப்பட்டதில்லை என்று ஓலைநாயகம் கருதுகிறார்.

நம் இளவரசர் செருப்பை வாயிலிருந்து எடுத்தார். அதை ஒருமுறை பார்த்தார். பிறகு, யாரும் ஏவாமல், எச்சில் ஒழுக ஒழுகக் குமுதையார் கையில் கொடுத்தருளினார். அவர் வாங்கி, நம்மவர் கடித்த இடத்திலேயே கடித்தருளினார்.

முதியவர் சாட்சி நிறைவேறியது என்று அறிவித்தார். ஆழிவல்லியார்தான் முதலில் பேசினார். செருப்பு பொன்னறை அரசருடையது, கடித்தவள் தம் மகள், ஆகவே முறைப்படி இப்போது அலற வேண்டியவர் தாமே என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பின் நடுவே அழுதார். தம் கணவர் காய்ச்சலில் மறைந்த பின் இந்த ஒரு பிள்ளையே தமக்கு உயிர் என்றும், நேற்று விடியற்காலையில் திரைக்குப் பின்னால் மகளின் பத்து விரலையும் வேப்பிலை நீரில் கழுவித்தான் அழைத்து வந்ததாகவும், மன்னரிடம் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். மன்னர் கேட்டது ஆற்றைப் பற்றியன்று. வேப்பிலையைக் கொதிக்க வைத்தீர்களா, ஊற மட்டும் வைத்தீர்களா என்று கேட்டார். இருவரும் அதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். நீர்ப்பங்கீடு அதற்குப் பிறகு வெற்றிலை போடும் நேரத்தில் முடிந்துவிட்டது.

இன்று காலை அக்கரைப் பாசறையிலிருந்து ஒரு தூதுவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். குமுதையார் தும்மினார், சேந்தர் எப்படி இருக்கிறார் என்பதே அவன் கொண்டுவந்த செய்தி. இளவரசரும் அதற்குச் சற்று முன்புதான் தும்மியிருந்தார். மன்னர் உடனே நம் தூதுவனை அனுப்பினார், கையில் மருத்துவரின் கஷாயமும் கொடுத்து. அவன் திரும்புமுன் அவர்கள் தூதுவன் மறுபடி வந்தான். மூன்று தலைமுறையாகப் போர் அறைகூவலையும் பாய்சாட்சி அழைப்பையும் தவிர ஒரு சொல்லும் கடக்காத ஆற்றை, இன்று உச்சிவேளைக்குள் மூக்கு ஒழுகும் செய்தி பலமுறை கடந்துவிட்டது.

ஆகையால் மன்னர்தம் ஆணை இது. தண்டநாயகர் படையைக் கலைத்து, வீரரை வயல் வேலைக்கு அனுப்புக. இவ்வோலை கண்ட நாழிகையிலேயே மதகைத் திறந்து, அக்கரைப் பங்கு நீரை அளவு குறையாமல் விடுக. இன்று முதல் தும்மல், இருமல், பல் முளைத்தல் ஆகியவை பற்றிய செய்தி கொண்டு இரு திசையிலும் ஓடிவரும் தூதுவரை, எந்நாட்டவராயினும், எந்நேரமாயினும், சுங்கம் கேட்டோ பெயர் கேட்டோ நிறுத்தற்க. களைத்தவர்க்கு மோரும் மாற்றுக் குதிரையும் கொடுக்க. இதைத் தடுப்பவர் அரச துரோகம் செய்தவராவார்.

ஆற்று நீர் உள்ளளவும் இவ்வாணை நிற்க. நாரை முத்திரை இட்டோம்.

முத்திரையின் கீழே மன்னர் தம் கையாலேயே, கோணலும் மாணலுமாக, எழுதிச் சேர்த்தது:

மைத்துனரே, இப்போதுதான் தூதுவன் வந்தான். அந்தப் பெண்ணுக்கும் தும்மல் நின்றுவிட்டதாம். நான் தூங்கப் போகிறேன்.